கல்வி அலுவலக வராந்தா

பள்ளிக்கூடங்கள் நூற்றாண்டு விழா கொண்டாடும்போது மலர் ஒன்று வெளியிடுவார்கள். தூத்துக்குடியில் நூறு வயதைத் தாண்டிய பள்ளிகள் பல இருப்பதால் அப்படிப்பட்ட மலர்கள் என் அலமாரியில் நாலைந்து கிடக்கின்றன. தாளாளர்கள், தலைமையாசிரியர்கள், மாநில அளவில் மதிப்பெண் எடுத்த மாணவர்கள், கட்டடம் கட்டப் பணம் கொடுத்த புரவலர்கள் என்று எல்லோருக்கும் தனிப்பக்கம் உண்டு. அலுவலகப் பணியாளர்கள் கடைசிப் பக்கத்து குரூப் போட்டோவில் ஓரமாக நிற்பார்கள். அவ்வளவுதான் எங்கள் வரலாறு.

நான் 1982 முதல் 2016 வரை 34 ஆண்டுகள் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் இளநிலை உதவியாளராக வேலை பார்த்தேன். ஊரில் "கிளார்க் சார்" என்றால்தான் தெரியும். இந்த 34 ஆண்டுகளில் எங்கள் மேஜை மீது இருந்த கருவி நாலு தடவை மாறியது. மைப்பேனா, தட்டச்சு, கணினி, பிறகு இணையம். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? யார் செலவில் கற்றுக்கொண்டோம்? பள்ளி வரலாற்றில் யாரும் எழுதாத இந்தச் சங்கதியை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பதிவேடு என்ற மூலப் புத்தகம்

பள்ளி அலுவலகத்தில் இருக்கும் எல்லாப் புத்தகங்களுக்கும் தாய்ப் புத்தகம் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளை பள்ளிக்குள் நுழைந்த நாளில் அதில் ஒரு வரி விழும். சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி, சாதி, மதம், முன்பு படித்த பள்ளி. பிறந்த தேதியை எண்ணாலும் எழுத வேண்டும், எழுத்தாலும் எழுத வேண்டும். பிழை விழுந்தால் பிளேடால் சுரண்டக் கூடாது, மேலெழுதக் கூடாது. ஒற்றைக் கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, தலைமையாசிரியரிடம் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். அடித்த எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள நுட்பம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது மறையக் கூடாது.

எங்கள் பழைய பதிவேடுகளில் பிறந்த தேதிப் பத்தியைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததுபோல இருக்கும். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பையனை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் அஞ்சு வயசு. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வார். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது; அது வீடுவரை வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. கடற்கரை ஊர்களில் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்ததால் அந்தப் பிள்ளைகளின் தேதி ஓரளவு சரியாக இருக்கும். மற்றவர்களுக்குப் பள்ளி எழுதியதே பிறந்தநாள். வேலையில் சேர்வதும் ஓய்வு பெறுவதும் அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

தகப்பனார் தொழில் என்ற பத்தி தூத்துக்குடியின் சரித்திரமே. நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது எனக்கு மூணு வயது. எனக்கு முந்தினவர்கள் எழுதிய பதிவேடுகளில் சங்குகுளி, தோணித் தொழில், உப்பளம், மில் என்று வரிசையாக வரும். புதிய துறைமுகம் 1974-ல் திறந்த பிறகு துறைமுகத் தொழிலாளி, லாரி டிரைவர், கப்பல் ஏஜென்சி என்ற சொற்கள் வரத் தொடங்கின. இன்றைக்குக் கணினி காட்டும் பட்டியலில் தினக்கூலி, சுயதொழில் என்ற மாதிரிப் பெட்டிகள்தான் உண்டு. திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரரை எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

யளனகபக

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த 1975-ல் தூத்துக்குடியில் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது என்றால் அதில் மிகை கொஞ்சம்தான். துறைமுக ஊர் அல்லவா? கப்பல் ஏஜென்சிக்கும், கிளியரிங் ஆபீசுக்கும், மில்லுக்கும், உப்புக் கம்பெனிக்கும் தட்டச்சு தெரிந்த ஆள் எப்போதும் தேவைப்பட்டது. காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச். தெருவில் போனால் ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவதுபோல் சத்தம் கேட்கும். வீட்டில் மாசாமாசம் ஃபீஸ் கட்டுவதற்கு அம்மா சீட்டுப் பணத்தில் கை வைப்பார்கள்.

ஆங்கிலத்தை விடத் தமிழ்த் தட்டச்சு கடினம். 247 எழுத்தை நாற்பதுசொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்த ஆர். முத்தையா இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இதற்கு வழி கண்டு, ஜெர்மனியில் பொறியைச் செய்வித்தார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். பொறியில் 'க்' அடிக்க முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். அந்த விசை அடித்தால் வண்டி நகராது. அடுத்து 'க' அடித்தால் அதே இடத்தில் விழுந்து 'க்' ஆகும். 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பிறகு. கண் பார்க்கும் வரிசை அது. வாய் உச்சரிக்கும் வரிசை வேறு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் பாடம் "யளனகபக". அதை ஒரு வாரம் அடித்தோம். எங்கள் மாஸ்டர் பிரம்பு வைத்திருக்கவில்லை. விசைப்பலகை மேல் ஒரு அட்டையைக் கவிழ்த்துவிடுவார். "கண்ணு பேப்பர்ல கெடக்கட்டும் தம்பி, விரலுக்கு வழி தெரியும்" என்பார். பிறகு அரசுத் தேர்வு. தொழில்நுட்பக் கல்வித் துறை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்தும். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். ஐந்து தட்டல் ஒரு சொல் என்று கணக்கு. பத்து நிமிடத்தில் லோயருக்கு 1500 தட்டல். தேர்வு நடக்கும் இடத்துக்கு இன்ஸ்டிடியூட்காரர்கள் மிஷின்களை வண்டியில் ஏற்றி வருவார்கள். பழகிய மிஷினை இறக்கும்போது கூடவே போய் அது நம் மேஜைக்குத்தான் வருகிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

அரசு 1978 அக்டோபர் 19-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பதின்மூன்று எழுத்துகளின் உருவம் மாறியது. யானைத் துதிக்கை போட்ட 'லை' போய் இப்போதைய 'லை' வந்தது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் எளிது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்களுக்கு வேறொரு வேலையும் வந்தது. பழைய பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த கடைசி ஆட்களாக நாங்கள் ஆனோம். இப்போது வரும் பிள்ளைகள் பழைய 'னா'வைப் பார்த்து "இது என்ன எழுத்து சார்?" என்று கேட்கிறார்கள்.

பள்ளியில் சேர்ந்தபோது தட்டச்சு தெரிந்த கிளார்க் என்பது ஒரு மரியாதை. தேர்வு எழுதும் மாணவர் பெயர்ப் பட்டியல், ஊதியப் பட்டியல், அலுவலகக் கடிதம் எல்லாம் அதில்தான். காலாண்டுத் தேர்வுக்கு ஸ்டென்சில் வெட்டுவோம். ரிப்பனைத் தள்ளிவிட்டு வெறும் எழுத்தால் மெழுகுத் தாளில் அடித்தால் துளை விழும். அதை சைக்ளோஸ்டைல் மிஷினில் மாட்டிச் சுற்றினால் வினாத்தாள். ஒரு எழுத்து பிசகினால் சிவப்புத் திரவத்தைப் பூசி, ஊதிக் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் அடிக்க வேண்டும். கையெல்லாம் மை. வீட்டுக்குப் போனால் பேத்தி மாதிரி இருந்த என் தங்கை மகள், "மாமா ஆபீஸ்ல கரி அள்றாங்களா?" என்று கேட்டாள்.

பதவி உயராத உயர்வு

உதவி பெறும் பள்ளியில் எங்கள் நிலை தனி. அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவருக்கு ஏணி உண்டு. துறைத் தேர்வுகளில் தேறினால் உதவியாளர், கண்காணிப்பாளர் என்று ஏறலாம். பவானிசாகரில் குடிமைப் பணியாளர் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பி அலுவலக நடைமுறையைச் சொல்லித்தருவார்கள். ஆசிரியர்களுக்கு நம் மாவட்டத்திலேயே வானரமுட்டியில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டும் இல்லை. ஒரு பள்ளியில் இருப்பது ஒன்றோ இரண்டோ எழுத்தர் பணியிடம். இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் பெரும்பாலும் அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெறுவார். பத்து வருஷத்தில் தேர்வு நிலை, இருபது வருஷத்தில் சிறப்பு நிலை. சம்பளத்தில் கொஞ்சம் கூடும், நாற்காலி அதேதான்.

அப்படியென்றால் எங்கள் தொழிலில் வளர்ச்சி என்பது என்ன? முந்தின வருஷம் தெரியாத ஒன்று இந்த வருஷம் தெரிகிறது என்பதுதான். அதைக் கற்ற இடம் கல்வி அலுவலகத்தின் வராந்தா.

மாதக் கடைசியில் ஊதியப் பட்டியலை எடுத்துக்கொண்டு எல்லாப் பள்ளி கிளார்க்குகளும் அங்கே வந்துவிடுவோம். தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986 அக்டோபர் 20-ல். அதற்கு முன் பெரிய காரியம் எதுவானாலும் வல்லநாடு வழியாகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். தனி மாவட்டம் ஆனதும் சிதம்பரனார் மாவட்டம் என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்தோம். 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது தூத்துக்குடி மாவட்டம் என்று மறுபடி ஸ்டாம்ப் செய்தோம். பழைய ஸ்டாம்புகள் இரண்டும் ரொம்ப நாள் என் மேஜை டிராயரில் கிடந்தன.

பட்டியல் சரிபார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் வகுப்புதான். ஊதிய உயர்வை எந்தத் தேதியிலிருந்து போடுவது, மகப்பேறு விடுப்பில் போனவருக்குப் பட்டியலில் எப்படிக் காட்டுவது, தணிக்கையாளர் முதலில் எந்தப் பதிவேட்டைக் கேட்பார் என்பதெல்லாம் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்பது. கோவில்பட்டிக்காரர் ஒருவர் கருவூல விதிகளை மனப்பாடமாக ஒப்பிப்பார். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் ஓய்வூதியக் கருத்துரு எழுதுவதில் கெட்டிக்காரர். யாருக்கும் பட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. டீ வாங்கிக்கொடுத்தால் போதும். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி அரசு 2009-ல் புதிய ஊதியம் அறிவித்தபோது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஊதிய நிர்ணயம் செய்ய வேண்டி வந்தது. அதை முழுக்க முழுக்க அந்த வராந்தாவில்தான் கற்றேன்.

கணினிகூட எனக்கு அங்கேதான் அறிமுகம். பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த அக்கா ஒருவர், சலான் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டினார்கள். "இங்க பாருங்க தம்பி, அடிப்படைச் சம்பளம் இந்தப் பெட்டில. அகவிலைப்படி நூத்துக்கு இவ்வளவுன்னு ஒருக்கா சொல்லிட்டோம்னா, கீழ இருக்கிற அம்பது பேருக்கும் அதுவே போட்டுரும். நாம கால்குலேட்டரத் தட்ட வேண்டாம்." நான், "தப்பாப் போட்டா?" என்று கேட்டேன். "அம்பது பேருக்கும் தப்பாப் போடும். அதான் மொத ஆளை மட்டும் கையால போட்டுப் பாக்கணும்" என்றார்கள். எக்செல் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

விரல் மறக்க வேண்டியிருந்தது

என் 41-வது வயதில், 1999-ல், தனியார் கணினி மையத்தில் சேர்ந்தேன். என் செலவுதான். கூடப் படித்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். எனக்குத் தட்டச்சு தெரியும் என்பதால் ஆங்கிலத்தில் அவர்களை முந்திவிடுவேன். மவுஸ் பிடிப்பதில் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்தது. அதில் பிறந்தது தமிழ்99 விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் வலது கைப்பக்கம். 'க' அடித்து 'எ' அடித்தால் 'கெ'. வாய் சொல்லும் வரிசையிலேயே விரலும் போகும். 31 எழுத்தை வைத்து 247-ஐயும் அடித்துவிடலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் இருபது வருஷம் கொம்பை முதலில் அடித்துப் பழகிய எங்கள் விரல்களுக்கு எல்லாம் தலைகீழ். அரசு தமிழ்99-ஐத் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும் அலுவலகங்களில் பழைய தட்டச்சு முறையே நீண்ட காலம் ஓடியதற்கு இதுதான் காரணம். கிளார்க்குகள் மாறமாட்டார்கள் என்று குறை சொன்னார்கள். ஹையர் பாஸ் செய்த கையை மறக்கச் சொன்னவர்கள், மறுபடி பழக நாலு வாரம் விடுப்பு தரவில்லை.

அடுத்த தொல்லை எழுத்துரு. வானவில்லில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேற்றுக்கிரகவாசி எழுதியதுபோல இருக்கும். ஃபிளாப்பியில் கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவோம். கோவையில் 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தபோது அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதன் பிறகுதான் எந்தக் கணினியில் அடித்தாலும் 'அ' 'அ'வாகவே தெரியும் காலம் வந்தது. மாநிலம் முழுக்க உள்ள பிள்ளைகளின் பெயரை ஒரே இடத்தில் வைக்கலாம் என்று யோசிக்க முடிந்ததே இதனால்தான்.

ஒரு பெயர், நாலு எழுத்துக்கூட்டல்

அந்த ஒரே இடம்தான் எமிஸ். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை. தமிழகத்தில் 2012-ல் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். பள்ளி மாறினாலும் எண் மாறாது. நல்ல யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் தெரிந்துவிடும். ஒரே பிள்ளையை இரண்டு பள்ளியில் காட்ட முடியாது. இன்றைக்கு மாற்றுச் சான்றிதழே அதிலிருந்துதான் அச்சாகிறது.

பயிற்சி ஒரு நாள் நடந்தது. பெரிய கூடம், ஒரு புரொஜெக்டர், முன்னால் தலைமையாசிரியர்கள், பின்வரிசையில் நாங்கள். திரையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து 900 பிள்ளைகளின் விவரத்தை ஏற்ற வேண்டும். பகலில் சர்வர் நகராது. இரவு 11 மணிக்கு மேல் நானும் ஒரு கணினி ஆசிரியரும் உட்கார்ந்து ஏற்றினோம். அவசரத்துக்கு வெளியே பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஏற்றிய பள்ளிகளும் உண்டு. பிறகு இந்த வேலை ஆசிரியர்கள் தலையிலும் ஏறி, பாடம் நடத்தவே நேரமில்லை என்று அவர்கள் சங்கங்கள் குரல் கொடுக்கும் அளவுக்குப் போனது.

நம் ஊரில் பெயர் ஒரு தனிப் பிரச்சினை. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவரைத் தமிழில் குரூஸ் பர்னாந்து என்கிறோம். ஆங்கிலத்தில் அவர் பெயர் பெர்னாண்டஸ் என்று முடியும். அதே குடும்பப் பெயரை பெர்னாண்டோ என்று எழுதுகிறவர்களும் இந்தக் கடற்கரையில் ஏராளம். தமிழில் பதிவேட்டில் 'பர்னாந்து' என்று இருப்பதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏற்றுகிறவர் எதைப் போடுவார்? இதோடு இனிஷியல் வேறு. நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்து போதும். பாஸ்போர்ட் படிவம் குடும்பப் பெயர், கொடுத்த பெயர் என்று இரண்டு பெட்டி வைக்கிறது. இனிஷியலை யாரோ விரிப்பார்கள். விரிக்கிற இடத்தில்தான் வினை.

அது 2014-ஆக இருக்கும். முப்பது வயதுப் பையன் ஒருவன் அலுவலகத்துக்கு வந்தான். கப்பலில் வேலை கிடைத்திருந்தது. மதிப்பெண் சான்றிதழில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிய கடைக்காரர் அதைப் பெர்னாண்டஸ் என்று விரித்துவிட்டார். தகப்பனாரின் ஆவணங்களிலோ பெர்னாண்டோ. கப்பல்காரர்களுக்கான தொடர் பணிச் சான்றுப் புத்தகம் கேட்கிற இடத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் அலைந்திருக்கிறான். ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது. "ஒரே ஒரு எழுத்துதான சார்" என்றான்.

அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 1994-ஆம் வருஷத்துப் பதிவேட்டை எடுத்தேன். சேர்க்கை விண்ணப்பமும் அதே வருஷத்துக் கட்டில் பத்திரமாக இருந்தது. அதில் தகப்பனார் கையெழுத்து ஆங்கிலத்தில், முழுப் பெயரோடு, ஓ-வில் முடிந்தது. பதிவேட்டின் நகலை எடுத்து, விண்ணப்பத்தின் நகலையும் சேர்த்து, தலைமையாசிரியர் கையொப்பத்தோடு சான்று கொடுத்தோம். அதை வைத்துத் திருத்திக்கொண்டு அவன் அடுத்த கப்பலில் ஏறினான். அந்தச் சேர்க்கை விண்ணப்பங்களை "இனி எதற்கு, கணினியில்தான் இருக்கிறதே" என்று எடைக்குப் போடச் சொன்னவர்கள் இருந்தார்கள். போட்டிருந்தால் அவனுக்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

பள்ளி ஆவணத்தின் எடை குறையவில்லை, கூடியிருக்கிறது. 1989 ஜனவரி 26-லோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று ஒரு விதி இருந்தது. 2016 டிசம்பரில் அதைத் தளர்த்தி, பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பிறந்த தேதிக்கு ஆதாரமாக ஏற்கலாம் என்றார்கள். நல்லது. ஆனால் அந்தச் சான்றிதழில் உள்ள தேதியை ஏற்றியவர் யார், எந்த அவசரத்தில் ஏற்றினார் என்று கேட்கத் தோன்றுகிறது.

எழுத்துக்கூட்டல் சிக்கல் மனிதர்களோடு நிற்கவில்லை. ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 2020 ஜூனில் 1018 ஊர்களுக்கு அரசு பட்டியல் வெளியிட்டது. டூட்டிகோரின் என்று வெள்ளைக்காரன் எழுதியதும், அதன் பிறகு நாம் எழுதி வந்ததும் போய், 'த்து', 'க்கு' இரண்டுக்கும் ஆங்கில எழுத்தை இரட்டித்து நீளமாகத் தூத்துக்குடி வந்தது. விமர்சனம் கிளம்ப, சுமார் பத்து நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஓய்வு பெற்றுவிட்ட நான் வீட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தேன். நிலைத்திருந்தால் எத்தனை பள்ளியில் எத்தனை கிளார்க் எத்தனை ஆயிரம் வரிகளைத் திருத்த வேண்டியிருந்திருக்கும் என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது.

வராந்தா போன பிறகு

இப்போது ஊதியப் பட்டியல் இணையத்திலேயே போய்விடுகிறது. வேகம் அதிகம், அலைச்சல் இல்லை. பஸ்ஸில் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் என்ற முறையில் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அலைச்சலோடு வராந்தாவும் போய்விட்டது. தட்டச்சு இன்ஸ்டிடியூட்டுகளும் குறைந்துவிட்டன. இந்தியாவில் 1955 முதல் தட்டச்சுப் பொறி செய்துவந்த கோத்ரெஜ் 2009-ல் உற்பத்தியை நிறுத்தியது. எங்கள் தலைமுறை கற்ற இரண்டு பள்ளிக்கூடங்களும் இன்று பழையபடி இல்லை. இளைய கிளார்க் ஒருவர் தனி அறையில், ஒரு திரைக்கு முன்னால், ஒரு வாட்ஸ்அப் குழுவை நம்பி உட்கார்ந்திருக்கிறார். குழுவில் "இன்று மாலை 5 மணிக்குள் முடிக்கவும்" என்று வரும். எப்படி முடிப்பது என்று வராது. கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும்.

திரையில் எங்கே அழுத்த வேண்டும் என்பதை இந்தக் காலப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் போவது பதிவேட்டைப் படிக்கும் பழக்கம். முதல் ஆளின் சம்பளத்தைக் கையால் போட்டுப் பார்க்கிற பழக்கம். அடித்த எழுத்து தெரியும்படி அடிக்கிற பழக்கம். பெயரை ஆங்கிலத்தில் ஏற்றும் முன் தகப்பனிடமோ தாயிடமோ எழுதிக் காட்டி, "இதுதானா?" என்று கேட்கிற பழக்கம். கணினியைத் தெரிந்துகொள்வதும் இவற்றைத் தெரிந்துகொள்வதும் ஒரே பயிற்சிக்குள் வர வேண்டும். அதை வேலை நேரத்திலேயே, நிர்வாகத்தின் செலவிலேயே நடத்த வேண்டும். மாதத்தில் ஒரு அரைநாள் வட்டாரக் கிளார்க்குகளை ஒரு பள்ளியில் கூட்டினால் போதும். பாடத்திட்டம் ஒன்றும் வேண்டாம். அந்த மாதம் எதில் சிக்கினார்களோ அதுவே பாடம். சொல்லித்தர எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் சும்மாதான் இருக்கிறோம். சம்பளம் கேட்கமாட்டோம், டீ போதும்.

பக்கத்துப் பள்ளி கிளார்க் தம்பி ஒருவர் சில சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறார். பழைய பதிவேட்டின் நகலைக் கொண்டுவருவார். துதிக்கை 'லை'யையும், மாறிப்போன 'றா', 'னா'வையும் நான் வாசித்துக் காட்டுவேன். பதிலுக்கு அவர் என் கைபேசியில் ஓய்வூதியர் வாழ்நாள் சான்று எடுக்கச் சொல்லித்தந்தார். மூன்று தடவை விரலை வைத்தும் என் ரேகை விழவில்லை. "நாப்பது வருசம் கீயைத் தட்டியே தேஞ்சிருச்சோ சார்" என்றார். நாலாவது தடவை விழுந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை இருந்தால், அடுத்த தடவை பள்ளிக்குப் போகும்போது அலுவலக அறைக்குள் போய், எமிஸில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டச் சொல்லிப் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு முன் என்றால் திருத்துவது சுலபம், அதற்குப் பிறகு பெரும்பாடு. காட்டித் தருகிற கிளார்க்கின் பெயரையும் அப்படியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.